ஹூஸ்டனில் ஒரு சித்தம்பூண்டிக் கல்

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. மகள் வீட்டில் இருந்தபோது நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் நிலவியல் நடத்தியவன் நான். நிலாக் கற்கள் பத்திரமாக இருக்கும் ஊருக்குப் போகிறோம் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த பெரிய ஆசை. புயலை எதிர்பார்த்துப் போகவில்லை.

ஜூலை 2, 2024, செவ்வாய். விமான நிலையம்

பெட்டியில் கறிவேப்பிலைப் பொடி, தேன்குழல், பேத்திக்கு இரண்டு பாவாடை, அப்புறம் ஒரு கல். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் நான் எடுத்த அனார்தோசைட் என்ற பாறைத் துண்டு. கைப்பிடி அளவு, 412 கிராம். வெள்ளையில் ஆங்காங்கே கறுப்புப் புள்ளி. பார்ப்பவர்கள் வெங்கச்சங்கல் என்று நினைப்பார்கள். ஆனால் நிலாவில் வெளிறித் தெரியும் மேட்டு நிலம் இருக்கிறதே, அதன் பாறையும் இதே குடும்பம்தான். சந்திரயான் 2 தரையிறங்கிப் பழகுவதற்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைகளை அரைத்துத்தான். பேத்தி போன வருடமே போனில் கேட்டிருந்தாள்: "அப்புச்சி, எனக்கு நிலாக் கல் வேணும்." இதைவிடப் பக்கத்துச் சொந்தம் என்னிடம் இல்லை.

சுங்கத்தில் "மண், செடி, விதை ஏதாவது?" என்று கேட்டார்கள். கல் இருக்கிறது என்றேன். உடனே தனி வரிசை. வேளாண் சோதனை மேசையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. கையுறை மாற்றிக்கொண்டு, விளக்கை இழுத்துப் பிடித்து, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. கல் பிரச்சினை இல்லை, மண்தான் பிரச்சினை என்று விளக்கினார். கல்லில் ஒரு விரிசல் உண்டு. அதன் வாயில் செம்மண் துணுக்கு ஒட்டியிருந்தது. ஊரில் இரண்டு தடவை கழுவியும் போகாமல் இருந்திருக்கிறது. பிரஷ் வைத்துத் தேய்த்து, ஏதோ மருந்துத் தண்ணீர் தெளித்து, துடைத்து, மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தார். கல்லைச் சுற்றியிருந்த பழைய நாளிதழை வாங்கிக் குப்பையில் போட்டார். ஐம்பது நிமிடம்.

அதில் என் சீட்டு நனைந்து உரிந்து வந்துவிட்டது. இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்துவிட்டார். மேசைக்குள் தேடி வெற்று ஒட்டுச்சீட்டு ஒன்றை எடுத்து, பேனாவும் கொடுத்து, "என்ன எழுதியிருந்தது? எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வெளியே வந்ததும் முகத்தில் அறைந்தது காற்று. ஆவி பறக்கும் இட்லிப் பானையைத் திறந்தது போல இருந்தது.

ஜூலை 3, புதன். கிளியர் லேக், மகள் வீடு

உடம்பு இன்னும் நாமக்கல் நேரத்தில் இருக்கிறது. காலை மூன்று மணிக்கு முழித்து உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து வந்து, "மாமா, காபி போடட்டுங்களா?" என்றார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து குடித்தோம். அந்த நேரத்திலும் வேர்வை.

மதியம் பேர்லாந்து மீனாட்சி கோயில். கோபுரத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு என் வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது, வழி எல்லாம் அத்துப்படி. திரும்பும்போது கொலாச்சே என்ற பன் வாங்கினோம். செக் நாட்டிலிருந்து டெக்சாஸுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த பண்டமாம். நடுவில் பழக்கூழ் வைத்தது நன்றாக இருந்தது. ஒன்று மூன்று டாலர் என்பதை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

சாயந்திரம் கல்லை அலமாரியில் வைத்தோம். பேத்திக்கு எட்டு வயது. சீட்டில் ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எனக்கு எங்கள் கல்லூரிச் சேமிப்பறை ஞாபகம் வந்துவிட்டது. 1970களில் இருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் சுமந்து வந்த கற்கள், பதினோரு மர அலமாரி நிறைய. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, கறையான் புகுந்து, சீட்டுகளையெல்லாம் தின்றுவிட்டது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்த ஊர், எந்த ஆழம், யார் எடுத்தது என்று தெரியாத கல் வெறும் ஜல்லி. கடைசியில் அதில் பாதியைத் தோட்டத்து நடைபாதைக்குக் கொட்டினார்கள். பொறுப்பில் இருந்தவர்களில் நானும் ஒருவன். இருபது வருடம் ஆகியும் அந்த நடைபாதையில் செருப்புப் போட்டு நடக்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

இவர்களின் சுதந்திர தினம். இரவு வாணவேடிக்கை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தர்பூசணி வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாசாவின் விண்வெளி மையத்தில் நிலாக் கற்களைக் காக்கும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் தர்பூசணியை மறந்துவிட்டேன். சனிக்கிழமை அவர் வண்டிக் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

ஜூலை 5, வெள்ளி. விண்வெளி மையம்

பொதுமக்களுக்கான அரங்கு இருக்கும் இடத்தின் பெயர் ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன். சீட்டு ஒருவருக்கு முப்பது டாலரைத் தாண்டுகிறது, வண்டி நிறுத்தத் தனி. உள்ளே குளிர் நடுங்க வைக்கிறது, வெளியே வெயில் உரிக்கிறது. மூக்கடைப்பு எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. வளாகப் புல்வெளியில் லாங்ஹார்ன் மாடுகள் மேய்கின்றன. கொம்பு இரண்டு பக்கமும் ஒரு கட்டில் நீளம். காங்கேயம் காளை பார்த்து வளர்ந்த எங்களுக்கு ராக்கெட்டைவிட முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் போனது கல்லுக்காக.

ஒரு நிலாக் கல் துண்டை நாமே தொட்டுப் பார்க்கலாம். வரிசையில் நின்று, முறை வந்ததும் விரலை வைத்தேன். சில்லென்று, வழுவழுவென்று இருந்தது. பார்த்த உடனே புரிந்தது, அந்த வழுவழுப்பு நிலாவுடையது இல்லை. எத்தனையோ பேர் விரல் பட்டுத் தேய்ந்த வழுவழுப்பு. எங்கள் ஊர்க் கோயில் படிக்கட்டில் நந்தியின் முதுகு இருப்பது போல. மக்கள் தொடுவதற்கென்றே நேர்ந்துவிட்ட கல். அதை ஆராய்ச்சிக்கு இனி யாரும் கேட்கப் போவதில்லை. மற்றக் கற்களை யாரும் தொடக்கூடாது என்பதற்காக இது ஒன்று எல்லார் கையையும் ஏற்றுக்கொள்கிறது என்று எனக்குப் பட்டது. பேத்தி மூன்று தடவை வரிசையில் நின்று தொட்டாள்.

கண்ணாடிக்குள் வேறு சில கற்களும் வைத்திருக்கிறார்கள். நான் பார்க்க ஏங்கியது 15415 என்ற எண்ணுள்ள கல்லை. ஆதிக் கல் என்று பெயர் பெற்றது. 1971இல் அப்பல்லோ 15 கலத்தில் நிலாவுக்குப் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் கண்டெடுத்த அனார்தோசைட். ஒரு மண்கட்டி மேல், யாரோ பீடத்தில் எடுத்து வைத்தது போல உட்கார்ந்திருந்ததாம். 400 கோடி ஆண்டுக்கும் மேல் வயது, எடை வெறும் 269 கிராம். என் பெட்டியில் வந்த கல்லைவிடச் சின்னது. அது ஆய்வகத்தில் இருக்கிறது, பொதுமக்கள் போக முடியாத 31ஆம் எண் கட்டடத்தில். டிராமில் போகும்போது அது எந்தப் பக்கம் என்று கேட்டேன். வழிகாட்டிப் பையன் கை நீட்டிய திசையில் சன்னல் குறைந்த, சாதாரணமான கட்டடங்கள்தான் தெரிந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அரசு கிட்டங்கியைப் போல. அது போதும் எனக்கு. அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரப் பாட்டியம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, என்ன ஏதென்று தெரியாமலே தானும் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து தெருவோர வண்டியில் மாட்டிறைச்சி இல்லாத டாக்கோ கேட்டோம். பீன்சும் வெண்ணெய்ப்பழமும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள், ஒன்று நாலு டாலர். பச்சை மிளகாய்ச் சட்னியை நான் தாராளமாக ஊற்றிக்கொண்டதைப் பார்த்துக் கடைக்காரர் இன்னொரு கிண்ணம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஜூலை 6, சனி. பக்கத்து வீட்டுக் கொட்டகை

மூன்றரை மணி நேரம் பேசினோம். எனக்கு ஆங்கிலம் புரியும், அவர் டெக்சாஸ் இழுப்பு சில இடத்தில் புரியாது. அப்போதெல்லாம் அவர் தாளில் படம் போட்டார்.

முதலில் சுங்கக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அவரும் ஒன்று சொன்னார். 1969 ஜூலை 24, அப்பல்லோ 11 கடலில் இறங்கிய நாள். அந்தத் தேதி போட்ட சுங்கப் படிவம் ஒன்றில் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். புறப்பட்ட இடம்: நிலா. வந்து சேர்ந்த இடம்: ஹொனலூலு. சரக்கு: நிலாக் கல், நிலாத் தூசு. நோய் பரப்பக்கூடியது ஏதும் உண்டா என்ற இடத்தில், இனிமேல்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறது.

அது அன்றைக்கு நிஜமான பயம். நிலாவில் கிருமி இருக்குமோ என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மூவரையும் நிலாவை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்கிட்டு 21 நாள் தனிமையில் வைத்தார்கள். நிலாத் தூசை எலிக்கும், ஜப்பான் காடைக்கும், கரப்பானுக்கும், சிப்பிக்கும், இறாலுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையுறை கிழிந்து தூசு பட்ட ஊழியர்களையும் சேர்த்துப் பூட்டினார்கள். அப்பல்லோ 14க்குப் பிறகு தனிமை வைப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் பெரியவர் ஒன்றை அழுத்திச் சொன்னார். அவ்வளவு ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. கலம் கடலில் மிதக்கும்போதே கதவைத் திறந்துதான் மூவரையும் வெளியே எடுத்தார்கள். உள்ளே ஏதாவது இருந்திருந்தால் அந்த நொடியே பசிபிக்கில் கலந்திருக்கும்.

அப்புறம் பயம் திசை மாறியது. நிலாவிடமிருந்து நம்மைக் காப்பது போய், நம்மிடமிருந்து நிலாவைக் காப்பது வேலையாயிற்று. எனக்கு இந்தப் பயணத்தில் மனதில் தைத்தது இதுதான். நிலாக் கல்லுக்கு எமன் நம் மூச்சில் இருக்கும் ஈரம், காற்றில் இருக்கும் ஆக்சிஜன், விரலில் இருக்கும் எண்ணெய். மோதிரத்துத் தங்கம் துளி உரசினால்கூட, கல்லில் தங்கம் எவ்வளவு என்று அளக்கப் போகிறவனின் கணக்கு பாழ். கற்களை நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, கூண்டோடு ஒட்டிய நீளக் கையுறை வழியாகத்தான் தொடுவார்கள். உள்ளே கல்லோடு படுவதற்கு எவர்சில்வர், அலுமினியம், டெஃப்லான் மூன்றுக்கும்தான் அனுமதி.

கூண்டுக்குள் அழுத்தம் அறையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் யாரும் கை விடாதபோது கையுறைகள் காற்றடைத்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வரிசையாக நீட்டிய கைகள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் வாரம் அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும் என்றார். எங்காவது ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் நைட்ரஜன் வெளியே கசியும், வெளிக்காற்று உள்ளே போகாது. கிருமிக்குப் பயந்த காலத்தில் இதற்கு நேர் எதிர். அழுத்தம் குறைவாக வைத்தார்கள், கசிந்தால் உள்பக்கமே கசியட்டும் என்று. அப்போது கையுறை கிழிந்தபோதெல்லாம் ஹூஸ்டன் காற்று கல்லைத் தேடிப் போனது.

"செவ்வாயிலிருந்து கல் வந்தால்?" என்று கேட்டேன்.

அவர் தாளில் பெட்டிக்குள் பெட்டி வரைந்தார். செவ்வாயில் உயிர் இருக்க வாய்ப்பில்லை என்று இன்னும் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நம் காற்று உள்ளேயும் போகக் கூடாது, உள்ளிருப்பது வெளியேயும் வரக் கூடாது. ஒரு சுவரில் இரண்டும் நடக்காது. இரண்டு சுவர் கட்டி, நடுவில் இருக்கும் சந்தின் அழுத்தத்தைத் தனியாக ஆள வேண்டும். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, வெளியிலிருந்து வரும் பொருளால் பூமிக்குக் கெடுதல் வரக்கூடாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. கிருமியைக் கொல்லச் சூடேற்றினால் பூமி பிழைக்கும், ஆனால் கல் சொல்ல வந்த சேதி கருகிப் போகும். இதற்கு நடுவில் வழி தேடுவதுதான் இப்போது அந்தத் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார்.

எண்ணுக்கு வந்தோம். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம். ஆறு அப்பல்லோ பயணங்கள், 382 கிலோ. 15415 கல்லிலிருந்து ஒரு சில்லை உடைத்தால் அதற்குக் காற்புள்ளி போட்டு அடுத்த எண். அந்தச் சில்லில் ஒரு துணுக்கை எடுத்தால் இன்னொன்று. உடைக்கும்போது உதிரும் பொடியையும் கூட்டி, எடை போட்டு, அதற்கும் எண் கொடுப்பார்கள். உடைப்பதற்கு முன் எடை, உடைத்த பின் எல்லாவற்றின் மொத்த எடை, இரண்டும் நோட்டில் ஏற வேண்டும். கல் எந்தத் திசை பார்த்து நிலாவில் கிடந்தது என்பது வரை படத்தோடு இருக்கிறது. நான் எங்கள் நடைபாதையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்தார்.

அவ்வளவு காத்தும் பெரும்பகுதியை யாரும் தொடவில்லை, தொடவும் விடவில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் போன செர்னனும் ஷ்மிட்டும் நிலத்தில் அடித்து எடுத்த மண்குழாயின் கீழ்ப்பாதியை நிலாவிலேயே மூடி முத்திரை வைத்தார்கள். 73001 என்று எண். அதை 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஐம்பது வருடம்! உள்ளே தேங்கியிருந்த காற்றைப் பிடிக்க, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் துளைபோடும் கருவி ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தது. எடுத்த அன்றைக்கே திறந்திருந்தால் அந்தக் காற்றை அளக்கக் கையில் கருவி இல்லை.

இன்னொன்றும் உண்டு. நிலாக் கற்களில் பொட்டு ஈரமில்லை என்று நாற்பது வருடம் பாடப்புத்தகத்தில் இருந்தது, நானும் அப்படித்தான் நடத்தினேன். 2008இல் அப்பல்லோ 15, 17 கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளைப் புதுக் கருவியில் வைத்துப் பார்த்ததும் தண்ணீரின் தடம் தெரிந்தது. அதே பழைய மணிகள்தான். அதுவரை யாரும் அதில் ஈரக்கையை வைக்காததால்தான் அந்தத் தண்ணீர் நிலாவுடையது என்று சொல்ல முடிந்தது.

பென்னு சிறுகோளிலிருந்து போன செப்டம்பரில் வந்த 121.6 கிராம் மண்ணிலும் குறைந்தது 70 சதவீதத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் 35 திருகுகளில் இரண்டு திறக்க வரவில்லை. வேறு யாராவது என்றால் பெரிய ஸ்பேனரைக் கொண்டு வந்திருப்பார்கள். இவர்கள் கூண்டுக்குள் அனுமதிக்கப்பட்ட உலோகத்தில் புதுக் கருவி செய்து, வேறிடத்தில் ஒத்திகை பார்த்து, மூன்று மாதம் கழித்து இந்த ஜனவரியில்தான் கழற்றினார்கள். பெரியவர் ஓய்வு பெற்றவர், அந்த வேலையில் அவர் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது தன் பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்வது போலச் சொன்னார்.

போன வாரம் சீனாவின் சாங்இ 6 நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்ததைப் பற்றிக் கேட்டேன். "அங்கேயும் யாரோ ஒருவர் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார்" என்றார். அந்தக் குரலில் போட்டியே இல்லை.

சித்தம்பூண்டிக் கல்லைக் காட்டினேன். உள்ளே போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினார்.

ஜூலை 7, ஞாயிறு

பெரில் என்ற புயல் மெக்சிகோ எல்லைப் பக்கம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கடையில் தண்ணீர் பாட்டில் அடுக்கு காலி. ரொட்டியும் காலி. ஒரு ஆள் தன் தள்ளுவண்டியில் இருந்த நான்கு தண்ணீர்பாட்டில் கட்டுகளில் ஒன்றை எடுத்து, குழந்தை வைத்திருந்த என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர்கூடச் சொல்லவில்லை. வீட்டம்மா மூன்று நாளைக்குப் புளியோதரைக்குக் காய்ச்சி வைத்துவிட்டார்.

பெரியவரிடம் நிலாக் கற்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். பெட்டகத்தைப் புயலையும் கடல் பொங்குவதையும் கணக்கில் வைத்துத்தான் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்றார். அதோடு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்சில், தனியாக இருக்கிறது. ஹூஸ்டனே போனாலும் நிலா முழுக்கப் போகாது. எங்கள் ஊரில் விதைநெல்லை இரண்டு வீட்டில் பிரித்து வைப்பார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஜூலை 8, திங்கள்

விடியற்காலை நாலு மணிக்குப் புயல் மாட்டகோர்டா என்ற கடலோர ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்கு ஐந்தரைக்கு மின்சாரம் போனது. காற்றின் சத்தம் நான் கேட்ட எந்த ஆடிக்காற்றைப் போலவும் இல்லை, பெரிய லாரி ஒன்று வீட்டுக்குள்ளேயே திரும்புவது போல. குளியலறைக்குப் பக்கத்தில் சன்னல் இல்லாத நடையில் எல்லாரும் உட்கார்ந்தோம். வீட்டம்மா கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டு மணி சுமாருக்குப் பின்கதவு படாரென்று திறந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் முதுகைக் கொடுத்து மூடினார். அந்த அதிர்ச்சியில் அலமாரியிலிருந்து கல் தரையில் விழுந்தது. ஓடு கீறியது, கல் உடைந்தது.

மதியம் வெளியே பார்த்தால் ஓக் மரம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது. இந்தப் பகுதியில் 22 லட்சம் இணைப்புக்கு மேல் மின்சாரம் இல்லையாம்.

ஜூலை 10, புதன்

மூன்றாவது நாள். வெயில் கொளுத்துகிறது, காற்று அசையவில்லை. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று பார்க்க, வாட்டாபர்கர் கடைகளில் எது திறந்திருக்கிறது என்று காட்டும் செயலியைத்தான் ஊரே பார்க்கிறது. ஐஸ்பெட்டியில் இருந்த மாவு புளித்துப் பொங்கி வெளியே வந்துவிட்டது. கேஸ் அடுப்பை நெருப்புக்குச்சி வைத்துப் பற்றவைத்து, தெருவில் இருந்த ஏழு வீட்டுக்கும் ஊத்தப்பம் சுட்டோம். மரம் அறுக்க வந்த இளைஞர்கள் நாலு பேர் ஆளுக்கு ஐந்து தின்றார்கள். ஒருவர் செய்முறை எழுதி வாங்கிக்கொண்டார். பெரியவர் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு மின்விசிறி ஓடவிட்டார். தனக்கு வேண்டாம் என்றார்.

வேர்த்து ஒழுகும் கையோடு உட்கார்ந்து, பத்து நிமிட வண்டித் தூரத்தில் ஈரமே இல்லாமல் இருக்கும் அந்த அறையை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்குத்தான் உடைந்த கல்லை எடுத்துப் பார்க்க நேரம் வந்தது. மூன்று துண்டு. சரியாக அந்த விரிசலிலேயே பிளந்திருக்கிறது. புது முகத்தைத் திருப்பிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விரிசலின் உள்பக்கம் முழுக்க நம்மூர்ச் செம்மண், மெல்லிய படலமாக. அந்தப் பெண் லென்ஸ் வைத்து, பிரஷ் போட்டு, மருந்து தெளித்தும் எட்டாத இடம். அவர் வேலையில் குறையே இல்லை. கல் அப்படி.

இந்த மண் இங்கே கீழே கொட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை, "தோசைக்கல்லில் போட்டு நல்லா வறுத்திரலாங்க மாமா" என்றார். கல்லையும் சேர்த்து வறுத்தால் ஒரு கிருமி மிஞ்சாது. எடுக்கப் போனேன். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புச்சி, சூடு பண்ணுனா கல்லு மாறிடும்னு பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னாருல்ல?"

சரி என்று இரண்டு பேரும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். வெள்ளைத் தாளை விரித்து, சுத்தமான எவர்சில்வர் கரண்டியால் மண்ணை மட்டும் சுரண்டினோம். அதை மடித்து, மண்ணை மட்டும் தோசைக்கல்லில் அரை மணி நேரம் வறுத்து, ஒரு சின்ன டப்பாவில் மூடினேன். அவள் கையில் வீட்டம்மாவின் பாலித்தீன் உறை. மூச்சு படக் கூடாது என்று துப்பட்டாவால் மூக்கைக் கட்டியிருந்தாள்.

சமையல் தராசு பேட்டரியில் ஓடுவது. ஒவ்வொரு துண்டாக வைத்தாள். விமான நிலையத்துப் பெண் கொடுத்த சீட்டு பெரிய துண்டில் இன்னும் ஒட்டியிருந்தது. மற்ற இரண்டுக்கும் அவளே சீட்டு எழுதினாள்: சித்தம்பூண்டி, காற்புள்ளி, 2. சித்தம்பூண்டி, காற்புள்ளி, 3. மண் டப்பாவுக்கு 4. தாளில் உதிர்ந்த பொடிக்கு 5. எல்லாவற்றையும் நோட்டில் கூட்டிப் பார்த்தாள்.

"மொத்தம் 409. மூணு கிராம் குறையுது அப்புச்சி."

போகட்டும் கண்ணு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் குனிந்தோம். அவள் இடது பக்கம், நான் வலது பக்கம்.